நாடாப் புண்

"உண்ணி பொறுக்கத்தான் ஒன்னைக் காலேஜுக்கு அனுப்பிச்சோமாடி?" என்று என் அக்கா பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். காரைக்கால் பக்கத்து ஊர்களில் உண்ணிகளால் பரவும் காய்ச்சலைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியில் எனக்கு வேலை. ஆட்டுக் காதிலும் நாயின் விரலிடுக்கிலும் இருக்கும் உண்ணியைப் பிடுங்கி ஸ்பிரிட் குப்பியில் போடுவேன். வயலில் பொறி வைத்து எலி பிடிப்பேன்.

ஆட்டில் தொங்கும் உண்ணி கண்ணுக்குத் தெரியும். இன்னொரு வகை இருக்கிறது. வயல் எலியின் காதுக்குள் மிளகாய்த்தூள் மாதிரி அப்பியிருக்கும். தனியாக ஒன்றை எடுத்தால் தெரியவே தெரியாது. ஊரில் இரண்டுக்கும் உண்ணி என்றுதான் பேர். புல்லில் உட்கார்ந்தால் அந்தச் சின்ன உண்ணி உடம்பில் ஏறி, துணி இறுக்கிப் பிடிக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். வலிக்காது. பீடி நெருப்பால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு வரும். அதைப் பார்த்து நேரத்தோடு மருந்து கொடுத்தால் மலிவான மாத்திரையிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் போகும்.

காய்ச்சல்காரப் பெண்களிடம் அந்தப் பொருக்கைத் தேடுவதும் என் வேலை. "வந்ததும் வராததுமா துணியத் தூக்கச் சொல்றியே, வெக்கமா இல்ல?" என்பார்கள். எனக்கென்ன வெட்கம்? திட்டை வாங்கிக்கொண்டே பார்த்துவிடுவேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது குரும்பகரத்தில். மழை விட்டதும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ஆடுகளுக்குப் புல் அறுப்பாள். கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல். நான் வேலையாக வெளியூர் போயிருந்தேன். போனில்தான் கேட்டேன்.

"ஒடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்குத் தட்டியிருக்கா? அக்குள், மாருக்கு அடியில, எல்லாத்தையும் பாருக்கா."

"கண்ணாடி முன்னால நின்னு பாத்துட்டேன்டி. ஒண்ணும் இல்ல. ஒனக்கு எதைப் பாத்தாலும் உண்ணிதான்."

டாக்டரும் கேட்டாராம். அவரிடமும் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். ரத்தத்தில் டெங்கு இல்லை என்று வந்தது. டைபாய்டாக இருக்கும் என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் போட்ட சத்தத்தில் அன்று சாயங்காலம் உண்ணிக் காய்ச்சல் மருந்தையும் ஏற்றினார்கள். உள்ளே என்னை விடவில்லை. மறுநாள் காலையில் அக்கா போய்விட்டாள்.

கொல்லையில் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். அவளுடைய நாத்தனார் பாவாடை நாடாவை அவிழ்த்தாள். எல்லாப் பெண்கள் இடுப்பிலும் இருக்கிற கறுப்புத் தடம் அக்கா இடுப்பிலும் இருந்தது. அந்தத் தடத்துக்குள்ளேயே, இடது பக்கம், பொருக்கு.

நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "அது நாடாப் புண்ணும்மா. காய்ச்சலுக்கு முன்னாடியே கெடந்துது. நாந்தான் தேங்காண்ணெய் தடவிவிட்டேன். பாவி மவ, அதுக்குள்ள போயிட்டாளே!"

தேடித் தேடி ஊரார் உடம்பையெல்லாம் பார்த்தேனே, அதை இவள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, எண்ணெய் தடவியிருக்கிறாளே! கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரையில் கிடந்தவளும் அவள்தான். "தண்ணிய ஊத்துங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, இந்த வீட்டில் ஒருத்தியாவது நிம்மதியாக அழட்டும் என்று நினைத்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. நாத்தனார் அக்காவின் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"எங்க அண்ணி?"

"வாய்க்கா கரைக்குத்தான். வாயில்லாச் சீவன், அது என்ன பண்ணும்?"

சொன்னால் இவள் ஆயுசுக்கும் தூங்கமாட்டாள். சொல்லாவிட்டால் அதே கரையில், அதே புல்லில் போய் உட்காருவாள். அடுத்து வருவதையும் நாடாப் புண் என்பாள்.

அரிவாளை வாங்கிக் கீழே வைத்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அது எங்கே கடிக்கும், புண் எப்படி இருக்கும், அக்காவின் இடுப்பில் இருந்தது என்ன என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. வலது கை விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப நாந்தானா?"

"இல்ல அண்ணி. அது உண்ணி கடிச்ச புண்ணுன்னு யாருக்குத் தெரியும்? அவளே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா."

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து என் முன்னால் நின்று, புடவையைத் தளர்த்தி, தன் பாவாடை நாடாவை அவிழ்த்தாள்.

"பாரு," என்றாள். "நல்லாப் பாருடி."

சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். தடம் மட்டும்தான் இருந்தது. இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.