வீட்டில் இங்கிலிஷ் மட்டும்

றோசலினுக்குப் பள்ளிக்கூடங்களின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. சிறுமியாக மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து பார்க்டேலுக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வசனம்கூட இங்கிலிஷில் சொல்லத் தெரியாது. அங்கிருந்த ஆசிரியை அவளைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே இருத்தி, படங்களைக் காட்டிக் கதைக்க வைத்து, ஒரே வருடத்தில் தேற்றிவிட்டார். அதனால்தான் தன் மகள் ஸ்டெபனியைப் பற்றி ஸ்காபறோப் பள்ளிக்கூடம் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

ஸ்டெபனி அப்போது இரண்டாம் வகுப்பு. சொன்னதைச் செய்வதில்லை, எழும்பச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறாள் என்று முறைப்பாடு வந்தது. வீட்டில் தமிழும் வெளியில் இங்கிலிஷுமாகப் பிள்ளை குழம்பிவிட்டாள், இனி வீட்டில் இங்கிலிஷ் மட்டும் பேசுங்கள் என்றார் அதிபர். ஸ்காபறோவில் பிறந்த பிள்ளையை, நாட்டுக்குப் புதிதாய் வந்த பிள்ளைகளோடு சேர்த்து இங்கிலிஷ் வகுப்புக்கு அனுப்பினார்கள்.

றோசலின் சொன்னபடி செய்தாள். அவளுடைய கணவன் லெஸ்லிக்கு அது முடியவில்லை. டயர்க் கடையில் வேலை செய்பவன். அவனுக்கு இங்கிலிஷ் வேலைக்குத்தான் போதும், பிள்ளையோடு பகிடி விடப் போதாது. முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்களைப் போல நடித்துக்காட்டி ஸ்டெபனியை விழுந்து விழுந்து சிரிக்க வைப்பான். இப்போது காலையில் ஒரு ‘ஹாய்’, இரவில் ஒரு ‘குட் நைட்’. அந்த வீட்டில் தகப்பனும் மகளும் கதைக்காமலே இரண்டு வருடம் போயிற்று. படிப்பும் ஏறவில்லை.

நான்காம் வகுப்பில், ஆசிரியை விடுப்பில் போனபோது அட்சயா என்ற இளம் பெண் பதிலுக்கு வந்தாள். அது பழைய காலத்துக் கட்டடம். இரண்டு வகுப்புகளுக்கு ஒரே மண்டபம், நடுவில் புத்தக அலுமாரி மட்டும். ஒருநாள் அலுமாரிக்கு அந்தப் பக்கத்து வகுப்பு சுற்றுலா போயிருந்தது. அன்று ஸ்டெபனி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். அடுத்த நாள் அவர்கள் திரும்பி வந்ததும் பழையபடி வாய் மூடிவிட்டாள். அட்சயா அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் அதே பாடத்தைச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்கு எல்லாம் விளங்கியது.

அன்று பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் அவள் றோசலினைப் பிடித்தாள்.

“அன்ரி, இவவுக்கு இங்கிலிஷ் பிரச்சினை இல்லை. சத்தம்தான் பிரச்சினை. ஒரு டொக்டரிட்டைக் காதைக் காட்டுங்கோ.”

குடும்ப வைத்தியர் மூலம் பரிசோதனைக்குப் போனார்கள். காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் பல சத்தங்களுக்கு நடுவில் ஒருவர் பேசுவதைப் பிரித்தெடுக்க இந்தப் பிள்ளையால் முடியாது என்றார் நிபுணர். தமிழ் பேசியதாலா என்று றோசலின் கேட்டாள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார் அவர். வெளியில் வந்ததும் றோசலின் கார்ச் சாவியை லெஸ்லியிடம் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். ஆசிரியை சட்டையில் ஒலிவாங்கி குத்திக்கொள்வார், அவருடைய குரல் பிள்ளையின் காதில் மாட்டிய கருவிக்கு நேரே வரும், வாசிப்புப் பாடம் சிறிய அறையில் நடக்கும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் றோசலின் தலையாட்டினாள். பிறகு, வீட்டில் தமிழ் பேச வேண்டாம் என்று சொன்னது பிழை என்று இப்போது சொல்வீர்களா என்று கேட்டாள். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நல்ல நோக்கத்தோடு சொன்னோம் என்றார் அதிபர்.

“உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை,” என்று றோசலின் இங்கிலிஷிலேயே சொன்னாள். “என் பிள்ளையை நீங்கள் பார்க்கவில்லை. வீட்டில் என்ன மொழி என்று மட்டும் பார்த்தீர்கள்.”

மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் கடைசிவரை வரவில்லை.

ஸ்டெபனி இப்போது வகுப்பில் கையுயர்த்துகிறாள். கணக்கில் கெட்டிக்காரி. லெஸ்லி மறுபடி தமிழில் பகிடி விடுகிறான். அவள் பாதியை விளங்கிக்கொண்டு இங்கிலிஷில் பதில் சொல்கிறாள். சில வேளை தகப்பன் சிரித்த பிறகுதான் சிரிக்கிறாள்.

போன மாசி மாதம், ஸ்டெபனியின் கதையைக் கேள்விப்பட்டு, அதே பள்ளிக்கூடத்துத் தாய் ஒருத்தி, றஜிதா, றோசலினிடம் வந்தாள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் தன் மகனைப் பற்றி நாளைக்கு அதிபர் கதைக்க வரச் சொல்லியிருக்கிறார், வீட்டில் தமிழை நிப்பாட்டச் சொல்வார்கள் போலக் கிடக்கிறது என்றாள்.

“நிப்பாட்டாதையும். நானும் வாறன்,” என்றாள் றோசலின்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். குடும்பத்தவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று அதிபர் கதவடியில் மறித்தார்.

“நான் பிள்ளையின் அன்ரி,” என்று சொல்லிவிட்டு, றோசலின் உள்ளே போய் றஜிதாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.