சேசுராஜ் அண்ணனின் ஹார்ன் கட்சி

சேசுராஜ் அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஆட்டோவில் கட்டிய கூம்பு ஹார்ன். முந்தின நாள் அவரைப் பார்த்து வந்ததிலிருந்தே என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. போனைச் சார்ஜில் போட்டு மறந்துவிட்டு வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஆட்டோ மூன்று தெரு தள்ளி வரும்போதே பெயர் தெளிவாகக் கேட்டது. ஹார்னில் பேச்சு அப்படித்தான் கேட்கும். அதை அவரிடம் நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

வேடசந்தூர் மில்லில் அவர் எலெக்ட்ரிக்கல் போர்மேன், நான் கணக்குப் பிரிவு. ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு உட்காரத் தெரியாது. அண்டா வாய் அகலத்துக்கு இரண்டு மர ஹார்ன் ஸ்பீக்கர்களை ஹாலில் அலறவிட்டு, அடுப்படி, கொல்லை, மாடி என்று சுற்றுவார். “பாட்டுன்னா நம்ம பின்னாடி வரணும்லே. நாம அதுக்கு முன்னாடி கைகட்டி உக்காரக் கூடாது” என்பார்.

என்னுடையவை பிளேனர் ஸ்பீக்கர்கள். கதவு உயரம், அப்பளக் கனம். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, நடு ஹாலில் நிற்கும். அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலியில் தலையைத் திருப்பாமல் உட்கார்ந்தால்தான் முழு இசையும் கிடைக்கும். முதல் முறை பார்த்ததுமே அண்ணன் கேட்டார்: “என்னப்பு, தட்டி கட்டியிருக்க? வீட்டுல யாருக்குப் பிரசவம்?”

என் மச்சினன் அதன் பின்னால் போய் வேட்டி மாற்றிய கதையை வத்தலக்குண்டு வரை பரப்பியவரும் அவரே. நம்ம பாட்டுக் கூட்டாளிகளே, உங்களில் பாதிப் பேர் அதை என்னிடமே வந்து சொன்னீர்கள்.

முதல் முறை வந்த அன்று அரைப் பாட்டு உட்கார்ந்திருப்பார். “எக்ஸ்ரே எடுக்குற மாதிரி இருக்கு. மூச்சு விடலாமா?” என்று எழுந்துவிட்டார்.

“உங்க ஹார்ன்ல பாடுற அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டுல்ல பாடுது” என்றேன்.

“மூக்கு இருக்குன்னாவது தெரியுதுல்ல. உன் தட்டியில பாடுறது ஆவிதாம்லே.”

அவர் வாயால் ஒரு ‘நல்லாருக்கு’ வாங்கிவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக அலைந்தேன்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் கூப்பிட்டார். “தட்டியக் கொண்டாலே. இப்பத்தான் நான் அதுக்குத் தோதான ஆளு. ஒரே எடத்துல கெடக்கேன்ல.”

லோடு ஆட்டோவில் கொண்டுபோய் அவர் கால்மாட்டில் நிறுத்தினேன். முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டார். “நல்லாத்தான்லே இருக்கு. வயலின் தனியாத் தெரியுது. நீ சொன்னதுதான் சரி.”

எதையும் விட்டுக்கொடுக்காத மனுஷன் இதை விட்டுக்கொடுத்தால் என்ன அர்த்தம்?

“சும்மா சொல்லாதீங்கண்ணே. மிருதங்கத்துல அடியே இல்ல. உங்க ஹார்ன்ல தட்டுனா நெஞ்சுல விழும்.”

“இன்னும் ஒரு சாண் முன்னாடி தள்ளி வையி.”

“வச்சாலும் வராது. நான் இங்க நிக்கிறேன், ஒண்ணும் கேக்கல.”

“அப்ப உக்காருலே!” பழைய மில் குரல்.

மதினி கரண்டியோடு ஓடிவந்தார். “என்ன, ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீகளா?”

அண்ணன் சிரித்தார், இருமினார். “மறுபடியும் போடு. இன்னைக்கு உன்னைய உக்கார வைக்காம விடமாட்டேன்” என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சண்டை முடிந்துவிடும் என்று பயம். ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே ஹார்னுக்கு வக்காலத்து வாங்கினேன். மறுநாள் அந்த ஹார்ன் கட்டிய ஆட்டோ வந்தது.

தட்டியை எடுத்துப்போகச் சொல்கிறார் மதினி. இன்று நாளை என்று கடத்துகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அவருடைய கட்சிதான். டீக்கடையில்கூட ஹார்னுக்காகக் கத்துகிறேன். துக்கத்தில் இருப்பவன் என்று எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பிளேனர்தான் உசத்தி, உனக்குக் காது அவிந்துபோச்சு என்று உங்களில் யாராவது என்னை ஏசுங்களேன்.