இழுத்துக் கட்டின கேபிள்

போன முறை என் பத்தி வர வேண்டிய இந்த இடத்தில் ஒரு கூரை ஓட்டு விளம்பரம் இருந்தது. பார்த்திருப்பீர்கள். எனக்குச் சுகமில்லையோ என்று மூன்று பேர் கேட்டார்கள். சந்தையில் ஒருவர் யோகத்திடமே, "ஆள் இருக்கிறாரோ?" என்று விசாரித்திருக்கிறார். யோகம் என் மனைவி. "கதிரையில இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் நலம். சுகமில்லாமல் கிடந்தது வீட்டு இன்டர்நெட் லைன்.

இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வருகிற இந்தப் பத்தியை நான் கடதாசியில் எழுதுகிறவன். யோகம் அதைப் படம் பிடித்துப் போனில் அனுப்புவாள். போன முறையும் புதன்கிழமை அனுப்பினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சோற்றை வடித்தாள். வட்டம் சுற்றியது. சாப்பிட்டோம்... அப்போதும் சுற்றியது. பத்திரிகை என்னை விட்டுவிட்டு அச்சுக்குப் போய்விட்டது.

பத்தி வராதது பெரிய நட்டமில்லை. உங்களுக்கும் தெரியும். என் கவலை ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் ஒரே மகள் வதனி நோர்வேயில் இருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். முதல் பிள்ளை. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். மருமகன் பஸ் ஓட்டுகிறார். ஞாயிறும் வேலை. வீட்டில் இவள் தனிய. அதனால் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு எங்களை வீடியோவில் எடுப்பாள். அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பித்தான் பிள்ளை கிழமையைக் கடத்துகிறாள் என்று யோகம் சொல்லுவாள்.

நானும் அதை நம்பித்தான் கிழமையைக் கடத்துகிறேன். அதை யாரும் சொல்லவில்லை.

போன் சிக்னலில் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்குள் ஒரு கோடுதான் காட்டும். குரல் வரும். முகம் வராது. வதனிக்கு முகம் வேண்டும்.

ஐப்பசியில் கேபிள் இழுத்தோம். பத்து நாள் ராசா மாதிரி ஓடியது. பிறகு மாரி தொடங்கியது. ரவுட்டரில் இருந்த பச்சை லைட் சிவப்பானது. பிறகு பச்சை. பிறகு சிவப்பு. எங்கள் சந்தியில் சிக்னல் லைட் இல்லையே என்ற குறை தீர்ந்தது.

கொம்பனிக்கு எடுத்தேன். ரவுட்டரை நிப்பாட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, திரும்பப் போடச் சொன்னாள் ஒரு பிள்ளை. போட்டேன். வந்தது. போனது. திரும்ப எடுத்தேன். அதே பிள்ளை. அதே மருந்து. மூன்றாம் தரம் நான் வாய் திறக்க முன்பே கேட்டாள். "திருகோணமலை ஐயாதானே... நிப்பாட்டிப் போட்டனீங்களோ?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இதற்குள் யோகம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். போன் அவள் கையில் இருந்தால் லைன் ஒழுங்காக நிற்கிறது. என் முறை வந்தால்தான் போகிறது.

மறுக்க ஏலாது. அவள் முக்கால் மணித்தியாலம் கதைப்பாள். மீன் விலை, கோயில் பூசை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், தலைக்கு எண்ணெய் வைத்தாயா, கால் வீங்குகிறதா... லைன் எல்லாவற்றையும் தாங்கும். பிறகு போனைச் சீனி டின்னில் சாய்த்து என் முன்னால் வைப்பாள். வதனி கதைப்பாள். நான் கேட்பேன். ஒரு நிமிடம் போகும். அவள் திரைக்குக் கிட்ட வந்து பார்ப்பாள். விரலால் தட்டுவாள். "அப்பா... அப்பா..." என்பாள். நான் பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் கட்.

இது இடத்தின் குற்றம் என்று நினைத்தேன். கதிரையை ஜன்னலடியில் போட்டேன். கட். குசினி வாசலில் போட்டேன். கட். கடைசியில் ரவுட்டருக்கு முழங்கால் இடிக்கிற மாதிரி இருந்தேன். அதிலும் கட். நடுவீட்டில் கதிரை கிடந்தால் எப்படிக் கூட்டுகிறது என்று யோகம் கேட்டது மட்டும் மிச்சம்.

பிறகு மான் மேல் சந்தேகம் வந்தது. எங்கள் ஊர்த் தெருவில் திரிகிற மான்கள் மதில் ஓரம் வந்து முதுகு தேய்க்கும். கேபிளையும் தேய்க்குதோ? இரண்டு நாள் காவல் இருந்தேன். மான் வந்தது. என்னைப் பார்த்தது. வாழைத்தோலைத் தின்றது. போனது. கேபிள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிச்சம் நசீர் நானா. பக்கத்து வளவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அந்த வெளிச்சமும் இரைச்சலும் லைனைக் குழப்புமோ? போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மகளின் கதை என்றால் நிப்பாட்டத்தான் வேண்டும் என்று, ஞாயிறு மூன்று மணிக்குப் பட்டறையை நிப்பாட்டினார். பாதி வேலையில் ஒரு வாசல் கேற் கிடந்தது. அதை விட்டுவிட்டு மதிலடியில் வந்து நின்று பார்த்தார். என் முறை வந்தது. வழமை போலக் கட்.

"வெல்டிங் இல்ல அண்ணன்" என்றார். வழக்கில் வென்றவர் மாதிரிப் போய் கேற்றை ஒட்டினார்.

நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ? ஒன்று பழுதானால் நாங்கள் தூரத்தில் இருந்துதான் தேடத் தொடங்குகிறோம். முதலில் கொழும்பில் இருக்கிற கொம்பனி. பிறகு காட்டு மிருகம். பிறகு பக்கத்து வீடு. எங்கள் கைக்குத்தான் கடைசி முறை — அதுவும் வேறு யாரும் மிச்சமில்லை என்றால்.

அன்று பின்னேரம் வதனி தாய்க்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். யோகம் எனக்குப் போட்டுக் காட்டினாள். போடாமல் விட்டிருக்கலாம்.

"அம்மா, இனி ஞாயிறில எடுக்க மாட்டன். நான் தனியப் படுத்திருக்கிறன். அப்பாட முகம் அப்பிடியே அசையாம நிக்கிறதைப் பாக்க எனக்குப் பயமா இருக்கு. படம் அனுப்புறன். அது காணும்."

யோகம் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

நான் கொம்பனிக்கு எடுத்தேன். அதே பிள்ளை. நிப்பாட்டிப் போட்டாயிற்று, இனி ஆள் வர வேண்டும் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ... ஆள் அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு வந்தார். சுதாகரன், நிலாவெளி ஆள். நாற்பது வயது இருக்கும். வந்தவர் ரவுட்டரைப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். ஜன்னலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை இப்பிடி ஆர் கட்டினது?"

யோகம் என்னைக் காட்டினாள்.

உங்களுக்குத் தெரியும், நான் துறைமுகத்தில் கயிற்று வேலை செய்தவன். வருகிற கப்பலைக் கயிறு போட்டு ஜெட்டியில் கட்டுகிற வேலை. இருபத்தெட்டு வருடம். கேபிள் போட வந்த பொடியங்கள் சுவர் ஓட்டைக்குக் கீழே ஒரு முழம் வயரைத் தொங்க விட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அரைகுறை வேலை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு ஏணி வைத்து ஏறினேன். தொங்கினதை மேலே இழுத்தேன். கூரைக் கைமரத்தோடு சேர்த்து நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வீணைக் கம்பி மாதிரி நின்றது. கீழே நின்று பார்த்து நானே சந்தோசப்பட்டேன். அது நடந்தது மழைக்கு இரண்டு நாள் முன்பு.

சுதாகரன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். நல்ல முடிச்சு என்றார். பிறகுதான் கேட்டார்.

"ஐயா, கப்பலுக்கும் இப்பிடித்தான் இறுக்கிக் கட்டினீங்களோ? கொஞ்சம் தொய்வு விடுறேல்லையோ?"

"கப்பலுக்கு விடுவம்."

"அப்ப இதுக்கு?"

"வீடு மிதக்கிறேல்லை."

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதிலுக்கு அங்கால் நசீர் நானாவும் சிரிப்பது கேட்டது. பட்டறைச் சத்தம் எப்போது நின்றதோ தெரியாது.

பிறகு விளக்கினார். மழைத்தண்ணி கேபிள் வழியே ஓடி வரும். கீழே தொய்வு இருந்தால் தண்ணி அந்த வளைவின் அடிக்குப் போய்ச் சொட்டி விழும். தொய்வு இல்லாவிட்டால் நேரே ஓட்டைக்குள் போகும், கேபிள் முனையைத் தேடி. அந்த முனையைக் கழற்றிக் காட்டினார். பாசி பிடித்த சல்லிக்காசு மாதிரிப் பச்சையாக இருந்தது. பொடியங்கள் விட்ட தொங்கல் சோம்பல் இல்லை. அதுதான் வேலை.

முனையை வெட்டிப் புதிது போட்டார். என் முடிச்சை அவிழ்க்க அவருக்கு ஏலவில்லை. நான்தான் ஏறி அவிழ்த்தேன். தொய்வையும் என் கையாலேயே விட வைத்தார். ஒரு முழம்.

பச்சை லைட். அசையாமல் பச்சை.

மூன்று மணி. வதனி எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று சொன்னவள்தானே. யோகம் தானே எடுத்து, ஆள் வந்து திருத்தியிருக்கிறார், இன்றைக்கு ஒரு தரம் பார், பிறகு உன் விருப்பம் என்றாள். சரி என்று வந்தாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. யோகம் கால் மணித்தியாலம் கதைத்தாள். மழையும் பெய்யத் தொடங்கியது. லைன் அசையவில்லை. சுதாகரன் ஒரு ஓரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, கையில் ஒரு மீற்றரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. சீனி டின். கதிரை. வதனி வயிற்றில் பிள்ளை உதைக்கிறதைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டேன்.

ஒரு நிமிடம் போனது. அவள் நிறுத்தினாள். திரைக்குக் கிட்ட வந்தாள். முகம் மாறியது.

"அம்மா, அப்பா திரும்ப நிண்டிட்டார்."

கட்.

யோகம் சுதாகரனைப் பார்த்தாள். சுதாகரன் மீற்றரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் — முதலில் கேபிளைப் பார்த்த மாதிரியே.

"ஐயா... லைன் நிக்கேல்லை. நீங்கள்தான் நிண்டனீங்கள்."

நான் எப்படி இருந்தேன் என்று யோகம் செய்து காட்டினாள். நெஞ்சு நிமிர்த்தி, இரண்டு கையும் முழங்காலில், கண் வெட்டாமல், வாய் மூடி. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க இருக்கிறவன் மாதிரி. செய்து முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டேன். மழை குழப்பினது சில நாள். மற்ற ஞாயிறெல்லாம் லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. லைன் நின்றுவிட்டது என்று நினைத்து வதனிதான் கட் பண்ணியிருக்கிறாள். பிள்ளை தன் பயத்தையும் உதையையும் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு தலையாட்டல் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது போலிருக்கிறது.

போனை எடுத்தேன். நானே அவளுக்கு எடுத்தது அதுதான் முதல் தரம். எந்த இடத்தில் அழுத்துவது என்று சுதாகரன் காட்டினார்.

வந்தாள். என்ன சொல்வது? யோசித்தேன். அவள் திரையைத் தட்ட விரலைத் தூக்குவது தெரிந்தது. இருந்ததைச் சொன்னேன்.

"கேபிளை நான்தான் இழுத்துக் கட்டினனான் பிள்ளை."

முழுவதையும் சொன்னேன். ஏணி, நைலோன் கயிறு, மான், நசீர் நானாவின் கேற், மிதக்காத வீடு... என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை. முடித்துவிட்டுப் பார்த்தேன். அவள் அசையவில்லை. இப்போது நிஜமாகவே லைன் போய்விட்டதோ?

இல்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா, கதைக்காட்டியும் பரவாயில்லை. கையையாவது ஆட்டுங்கோ."

இந்த ஞாயிறு அவளே எடுத்தாள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே. யோகம் முக்கால் மணித்தியாலம். நான் பத்து நிமிடம். அதில் கதைத்தது இரண்டு நிமிடம் இருக்கும். மற்ற எட்டு நிமிடமும் கையை ஆட்டினேன்.

தோள் நோகிறது. பழகிவிடும்.