ஆரல்வாய்மொழி வரைக்கும் அரிஷ்டம்

அரிஷ்டக் குப்பி சுமக்கிறவனைப் பார்த்து இவன் சாராயம் கடத்துகிறான் என்று நினைப்பவர்கள் பாதிப்பேர். கடத்தக் கூடாதா என்று ஏங்குகிறவர்கள் மீதிப்பேர்.

மடியில் குப்பிப் பெட்டியோடு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். குழியில் சக்கரம் விழும்போதெல்லாம் உள்ளே ‘கிளுங்’ என்று ஒரு சத்தம். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கள்ளுக்கடையை இங்கேயும் சாத்திவிட்டார்கள், மலைக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யத்துப் பாண்டியிலும் சாத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது மருந்து மட்டும். பரணியில் கஷாயத்தையும் வெல்லத்தையும் ஊற்றி, வாயைச் சீலைமண்ணால் மூடி, ஒரு மாதம் வைத்தால் அது தானாகவே கொஞ்சம் காரமேறும். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இத்தனை சட்டம். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் எங்களுக்கு இத்தனை வாடிக்கையும்.

ஐந்தாம் பாரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் புதுக்கடை வைத்தியரிடம் ஏன் சேர்ந்தாய் என்று கேட்காத ஆள் கிடையாது. கணக்கு வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கணக்கு எனக்கு நன்றாகவே வரும். வைத்தியரின் மருந்துப் பெட்டி மாதம் இரண்டு தடவை பணகுடிக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் அந்தப் பணகுடியில்தான் என் ராஜம் அக்கா இருக்கிறாள். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பிரதமன்

அம்மா செத்த பிறகு என்னைக் குளிப்பாட்டி, அடித்து, சோறு போட்டு வளர்த்தவள் அக்கா. அவள் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இலைக்கு இரண்டாவது பிரதமன், அதுதான் எங்கள் ஊர்ப் பாயசம், வரவில்லை. அவர் இலையை மடக்கிவிட்டு எழுந்தார். சமாதானம் பேசப் போன என் அப்பா, “பாண்டிக்காரனுக்குப் பிரதமன் குடிக்கத் தெரியுமா, ரசம்னு நெனச்சு சோத்துல ஊத்துவான்” என்று சொல்லிவிட்டார். முடிந்தது. அன்றிலிருந்து நாங்கள் அங்கே படியேறக் கூடாது, அக்கா இங்கே படியேறக் கூடாது.

அவளுக்கு இரண்டு பிள்ளை பிறந்தாயிற்று. ஒன்றின் முகமும் எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது பேற்றுக்குப் பிறகு எழுந்து நடக்கவே தள்ளாடுகிறாள் என்று ஒரு பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். பெற்ற உடம்புக்குத் தசமூலாரிஷ்டம் கொடுக்க வேண்டும். அது பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது முறை. பணகுடியிலேயே மருந்துக்கடை இருக்கிறது. ஆனால் அக்காவின் மாமியார் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: “பேறு மருந்து அவ அப்பன் வீட்டு முறை. நாங்க கடையில வாங்கிக் குடுத்தா, அவனுக்குச் சீர்ச் செலவும் மிச்சமாயிரும், வாய்க்கொழுப்பும் அடங்காது.”

தலைக்கு ஏறுகிற குப்பி

மண்டைக்காட்டுக் கோயில் கொடை சமயத்தில் ஒரு தேங்காய் வியாபாரி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். காதோடு காதாக, “உள்ளதில பலமான குப்பி எதுடே?” என்றார். நான் உள்ளதைச் சொல்லுகிறவன். பலம் என்றால் அபயாரிஷ்டம்தான், கடுக்காய் போட்டது, நல்ல பலம் என்றேன். எதற்குப் பலம் என்று அவர் கேட்கவில்லை. மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். குப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் கடற்கரைப் பக்கமிருந்து கால் அகட்டி அகட்டி வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. அடிப்பார் என்று நினைத்து ஓடத் தயாரானேன். அவருக்கு அதற்குத் தெம்பில்லை. மணலில் மெதுவாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “ஏறும்னு சொன்னியே மக்கா, ராத்திரி முழுக்க எறங்கிட்டுல்லா இருந்துது!”

ஏறும் என்று நான் சொல்லவே இல்லை.

ஞானமுத்துவின் கரண்டி

புதுக்கடைச் சந்தைக்குப் பின்னால் ஞானமுத்து என்று ஒரு பழைய மாட்டுவண்டிக்காரர். திராட்சாரிஷ்டம் வாங்குவார். இருமலுக்கு என்பார்; அவர் இருமி நான் கேட்டதில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு கரண்டி ஊற்றிக் குடிப்பார். மூடி வைப்பார். அவ்வளவுதான். போதைக்காக வாங்குகிற ஆள் இப்படிக் குடிக்க மாட்டானே என்று எனக்கு ஆத்திரம். கேட்டே விட்டேன்: “இதில ஒமக்கு என்னதான் கிடைக்கு?”

அவர் கோபப்படவில்லை. கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கள்ளு போனாப் போட்டும் பிள்ளே. கடைக்குள்ள நொழைஞ்சா ‘ஏ ஞானமுத்து, இங்க வா’ன்னு நாலு பேரு கூப்பிடுவானுவ. இப்ப மாசத்தில ஒருநா நீதான் வந்து கூப்பிடுதே.”

சாவடிக் காற்று

இனி ஆரல்வாய்மொழி, இரண்டு ராஜ்யத்துக்கும் எல்லை. அங்கே இரண்டு மலைக்கு நடுவே அடிக்கிற காற்றில் வேட்டி கட்டினவன் இரண்டு கையாலும் வேட்டியைத்தான் பிடிக்க வேண்டும். பெட்டியைப் பிடிக்கக் கை கிடையாது. மதுவிலக்குச் சாவடி இருப்பது அங்கே. அதன் ஏட்டையா திருநெல்வேலிக்காரர், பெரிய மீசை. முதல் தடவையே என் நினைப்பில் மண் விழுந்தது. பெட்டிதான் பணகுடிக்குப் போகும், நான் போக வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து லைசென்ஸ் கடையின் ஆள் சாவடிக்கே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். மருந்து செய்கிறவன் எல்லை தாண்டிக் குடிக்கிறவனுக்கு நேராக அனுப்பக் கூடாதாம். ஏன் என்று கேட்டேன். ஏட்டையாவுக்கும் தெரியவில்லை. அவர் வாங்கி வைத்திருந்த உத்தரவு அப்படி.

ஒருநாள் அவருக்கே சந்தேகம் வந்து ஒரு குப்பியைத் திறந்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண் இரண்டும் ஒட்டிக்கொண்டது. மீசை நடுங்கியது. ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது: “இதைக் குடிச்சிட்டு ஒருத்தன் ஆடுதாம்னா, அவனுக்கு மெடல் குடுக்கணும்லே, கேசு போடக் கூடாது.”

கீரிப்பாறைக் குழந்தை

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற தங்கம்மைக்குத் தசமூலாரிஷ்டம் கொண்டுபோனேன். மழை. அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். குப்பியைக் கொடுத்துவிட்டு ஓடப் பார்த்தேன். அவள் விடவில்லை. கட்டன் காப்பி போடுகிறேன், அதுவரை பிடி என்று பிள்ளையை என் கையில் வைத்துவிட்டாள். பிறந்து இருபது நாள் இருக்கும். எனக்குப் பிள்ளை பிடிக்கத் தெரியாது. அது என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. காப்பி ஆறிப்போயிற்று. நான் அசையவில்லை.

அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று அவள் கேட்டாள். அக்கா கதையைச் சொன்னேன். தங்கம்மைக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்: “யாருன்னே தெரியாத எனக்கு மலை ஏறிக் கொண்டுவந்து தாறே. கூடப் பிறந்தவளுக்கு ஒரு குப்பி கொண்டு குடுக்க ஒனக்கு வழியில்லையாடே?”

உத்தரவு

அடுத்த பெட்டியோடு தனியாக ஒரு குப்பி தசமூலத்தையும் கொண்டுபோனேன். அப்பா தடுக்கவில்லை. முறையாயிற்றே, மருந்து போகலாம், ஆள்தான் போகக் கூடாது என்றார். ஏட்டையா குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பெட்டி கடைக்கு. இது?”

“எனக்க அக்காவுக்கு.”

“அக்கா கடை வச்சிருக்காளா?”

“இல்ல, பிள்ளை பெத்திருக்கா.”

“அப்பம் போகாது.”

நான் கத்தினேன். சாராயமா கொண்டுபோகிறேன், எழுந்து நடக்க முடியாதவளுக்கு மருந்து, நீர் நக்கிப் பார்த்தீரே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கடை ஆளிடம் கொடுத்து விடுகிறேன் என்றேன். அதுவும் ஆகாதாம், கடைக்குப் போனால் அது கடைச் சரக்கு, அக்கா பேருக்குப் போகாது. கடைசியில் ஏட்டையாவும் பொறுமை இழந்து மேசையைத் தட்டினார்: “எலே, அனுப்பத்தான் கூடாது! குடிக்கிற ஆளு நேர்ல வந்து, இது எனக்குத்தாம்னு சொல்லி, ஒத்தைக் குப்பி கொண்டுபோனா நான் என்ன கையைப் பிடிச்சு வலிக்கப் போறேனா?”

திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். தோவாளை தாண்டும்போதுதான் அவர் சொன்னது மண்டைக்குள் இறங்கியது. சாவடி எங்கள் வீடும் இல்லை, அவர்கள் வீடும் இல்லை. சாவடிக்குப் படியே கிடையாது.

எனக்குத்தான்

கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்: மருந்து சாவடியில் இருக்கிறது, குடிக்கிறவள் வந்தால்தான் தருவார்கள், சர்க்கார் உத்தரவு. சர்க்கார் உத்தரவை மாமியாரால் மீற முடியவில்லை.

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது. சேலைக்குள் பிள்ளையைப் பொதிந்து காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்து வந்தாள். மூத்தது அத்தான் கையில். அத்தானுக்கு எங்களோடு பேச்சுக் கிடையாதே. டீக்கடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஆனால் மூத்ததை இறக்கி என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

“யாருக்கும்மா மருந்து?” என்றார் ஏட்டையா.

“எனக்குத்தான்” என்றாள் அக்கா. குப்பியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

எத்தனையோ பேச வைத்திருந்தேன். அவள் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று திட்ட ஆரம்பித்து, திரும்பிப் போகிற பஸ் ஹாரன் அடிக்கிறவரை அதையேதான் திட்டினாள். நான் சின்னதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறும்போதுதான் மருந்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இது தீர எத்தனை நாளாவும் மக்கா?”

ஒரு மாதம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

வாழைமூடு

பதினைந்து நாளில் மறுபடியும் வந்து நின்றாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. இந்தத் தடவை என்னிடம் செய்தி இருந்தது. மலைக்கு இந்தப் பக்கத்து நம் தாலுகாக்கள் ஐப்பசியில் சென்னை ராஜ்யத்தோடு சேருகின்றன. ஊரெல்லாம் கொண்டாட்டம், எனக்கும் சந்தோஷந்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் சாவடி இங்கிருந்து புது எல்லையான களியக்காவிளைக்குப் போய்விடும். குப்பி தடையில்லாமல் பணகுடி வீட்டுக்கே போகும். யாரும் நேரில் வர வேண்டியதில்லை. அப்பாவும் மாமியாரும் அப்படியேதான் இருப்பார்கள்.

அக்கா காலிக் குப்பியை என் கையில் தந்தாள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மாதக் குப்பி எப்படி இதற்குள் தீர்ந்தது, அளவு தப்பிக் குடிக்கிறாயா என்று அதட்டினேன். அவள் அத்தான் முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “பாதியை வாழைமூட்டில ஊத்திட்டேன்டே. எங்க வீட்டில இப்ப அந்த வாழைதான் கொழுத்து நிக்கி.”

எல்லையை மாற்றச் சொல்லி இத்தனை வருஷம் கொடி பிடித்த ஊரில், அது இன்னும் நாலு குப்பி தீருகிற வரைக்கும் ஆரல்வாய்மொழியிலேயே கிடக்கக் கூடாதா என்று கிடந்து தவிக்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.