இரண்டு இட்லிக்கு இவ்வளவு நேரமா?

எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் மூக்கண்டப்பள்ளி மெஸ்ஸுக்குப் போனேன்.

டாக்டர், "இட்லி சாப்பிடலாம், மெதுவா மென்னு சாப்பிடு" என்றார். அதே ஆஸ்பத்திரி டயட்டீஷியன் போனில், "இட்லியா? யாரு சொன்னா? முட்டை வெள்ளைக்கரு மட்டும்தான்" என்றார்.

பசித்தது. டாக்டர் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டிருந்தேன். ஷிப்டுக்குப் போகிற ஒருவன் இடத்துக்காக என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ப்ரோ, ரெண்டு இட்லிக்கு இவ்ளோ நேரமா? கம்பெனி பஸ் வந்துரும்."

"வயித்துல ஆபரேஷன் ப்ரோ."

மெஸ் அக்கா அங்கிருந்தே, "அப்ப கஞ்சில்ல குடிக்கணும்? எந்திரி தம்பி, அவன் உக்காரட்டும்" என்றார்.

தட்டோடு வெளியே வந்து, பைக் சீட்டில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். ரூம் பசங்க இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை. என்னை வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிடச் சங்கடமாம்.

எதைச் சாப்பிடலாம் என்று கமெண்ட்டில் யாரும் சொல்ல வேண்டாம், அதற்கு ஆள் நிறைய இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுகிற ஆள் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். எனக்கு அரை இட்லி போதும், மீதி ஒன்றரை உங்களுக்கு.