ஐந்து ஒன்பது ஒன்பது

நான்கு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நடந்தது என்று சொல்வதைவிட, நான் நடக்க விட்டது என்று சொல்வதே சரி.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட அதிகம் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடும். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் வயதுக்காரர்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள், அல்லது சீட்டு ஆடுவார்கள். நான் அமெச்சூர் ரேடியோ வைத்திருக்கிறேன், பிற நாட்டு ஆர்வலர்களோடு தொடர்புகொள்கிற பெட்டி. அதற்கென்று பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டுக் கூரையிலிருந்து சவுக்கு மரம் வரை கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் அதைத் துணி காயப்போடும் கொடி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். என் மனைவியின் கருத்து வேறு. "பக்கத்து லயத்துல யாருக்கு என்ன சொகமில்லன்னு கேட்டா தெரியாது. பல்கேரியாவுல இன்னைக்கு மழையான்னு கேளுங்க, சொல்லுவாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அந்த வாரம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

அந்த ரேடியோவில் போட்டிகளும் உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்தில் எத்தனை நாட்டுக்காரர்களைப் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. நான் கலந்துகொண்டது டிஜிட்டல் வகை. யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் கணினி எழுத்துகளைக் குருவிக் கத்தல் போன்ற ஒரு சத்தமாக்கி அனுப்பும், அந்தப் பக்கத்துக் கணினி அதைத் திரும்ப எழுத்தாக்கும். மனிதனோடு மனிதன் பேசாமலே பேசி முடிக்கலாம். கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமையே கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமை மத்தியானம் போன் கோபுரமும் செத்தது. மழை என்றால் வட்டவளையில் மழை. தகரக் கூரைக்குக் கீழே இருப்பவன் தன் நினைப்பைக்கூடக் கேட்க முடியாது. ஆனால் என்னிடம் இரண்டு லொறி பேட்டரிகள் இருந்தன. தோட்டமே வெளித்தொடர்பு இல்லாமல் கிடக்க, நான் மட்டும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உலகத்தோடு தொடர்பில் இருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லாத நாட்களில் லயத்து ஆட்கள் போனைக் கொண்டுவந்து தருவார்கள், நான் சார்ஜ் போட்டுக் கொடுப்பேன். அடுத்தது, என் மேசையில் ஒரு சின்னக் கை ரேடியோவும் இருந்தது. பக்கத்து டவுனான ஹட்டனில் இருக்கும் ஒரு நண்பரை அதில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். அதற்கு முந்தைய வருடம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்காக அப்படிக் கூப்பிட்டபோது, அவர் வாகனம் அனுப்பி வைத்தார். அதிலிருந்து தோட்டத்தில் என் பெட்டிகளுக்குக் கொஞ்சம் மரியாதை.

என் வீட்டுக்குக் கீழே, குறுக்குப் பாதையில் ஐந்து நிமிஷ நடையில் ஒரு லயம். அதன் கடைசி அறையில், எங்கள் பேச்சில் காம்பராவில், கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, கணவரோடு இருந்தார். பிள்ளைகள் கொழும்பில் வேலை. கணவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுக்கையில் கிடந்தார். எழுந்து உட்காரவும் முடியாது. இது எனக்குத் தெரியும். பல்கேரியா அளவுக்குத் தெரியாது, ஆனாலும் தெரியும்.

இரண்டு மணி இருக்கும். அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். தலையில் பொலித்தீன், கையில் போன். அதே நேரம் என் திரையில், லேசில் யாருக்கும் கிடைக்காத ஒரு தீவுக்காரன் தோன்றியிருந்தான். அவனைப் பிடிக்க உலகமே முண்டியடித்துக்கொண்டிருந்தது, நானும்தான். அந்த அம்மா ஏதோ சொன்னார். மழை, தகரம், ஹெட்போன். உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. கையில் போன் இருக்கிறது, அப்படியானால் சார்ஜ்.

"வச்சிட்டுப் போங்கம்மா, செஞ்சிடுறேன்" என்றேன்.

அவர் லயத்துப் பக்கம் கையைக் காட்டி மறுபடியும் ஏதோ சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்து, நன்றாகத் தலையாட்டினேன். அவர் போனை மேசையில் வைத்தார், என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார், மழைக்குள் ஓடினார். சார்ஜுக்கு எதற்குக் கும்பிடு என்று ஒரு கணம் தோன்றியது. தீவுக்காரன் பதில் கொடுத்துவிட்டான். மறந்துவிட்டேன்.

எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளிக்கு, அவர் சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று மூன்று இலக்கத்தில் சொல்ல வேண்டும். ஐந்து ஒன்பது ஒன்பது என்றால் கொஞ்சமும் குறையில்லாமல் கேட்கிறது என்று அர்த்தம். எல்லாரும் எல்லாருக்கும் அதையேதான் அனுப்புவோம். ஒருவருடைய பெயரே பிடிபடாமல் நான்கு தடவை திருப்பிக் கேட்டிருப்போம், கடைசியில் ஐந்து ஒன்பது ஒன்பது என்போம். உண்மையைச் சொன்னால் நேரம் போகும், புள்ளி குறையும். அதனால் அந்தப் பட்டனில் அதை நிரந்தரமாகவே பதிந்து வைத்திருக்கிறோம். அன்று காலையிலிருந்து நான் அதைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவுக்கும் அதைத்தான் தட்டினேன்.

அவர் என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "மலையிலேருந்து எறங்குற பீலித் தண்ணி சேறா வருது சேர். பின்செவுரு வெடிச்சிருச்சு. பக்கத்துக் காம்பரா தம்பியத் தவிர எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு எறங்கிட்டாங்க. இவரத் தூக்க நாலு ஆளு வேணும், ஹட்டனுக்குச் சொல்லுங்க." இரண்டாம் தடவை சொன்னது, "சீக்கிரம் சேர்." நான் வைத்துவிட்டுப் போகச் சொன்னதும், அந்தப் போனில் உள்ள ஏதோ நம்பர் எனக்குத் தேவைப்படுகிறது என்று நினைத்துத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. போன் முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தது. அதைச் சிரத்தையாகச் செய்திருந்தேன்.

அடுத்து வந்தவர் அதே லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர், ஃபெக்டரியில் வேலை செய்பவர். அவர் வாசலில் நிற்கவில்லை. சேற்றுக் காலோடு உள்ளே வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"என்ன சேர், எங்க வந்துக்கிட்டு இருக்காங்களாம்?"

"யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். "யாருன்னா? தூக்குற ஆளுங்க! அக்கா வந்து சொன்னாங்கள்ல? நீங்க செஞ்சிடுறேன்னு சொன்னீங்களாம்ல?"

நான் மேசையில் இருந்த போனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அட கடவுளே" என்றார், மெதுவாக. "யாரும் வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கதவக் கழட்டி அதுல போட்டு நானும் அக்காவுமே இழுத்துட்டுப் போயிருப்போமே சேர். வாறாங்க வாறாங்கன்னுதானே குந்திக்கிட்டு இருந்தோம்."

கை ரேடியோவை எடுத்தேன். ஹட்டன் நண்பர் முதல் அழைப்பிலேயே வந்தார். "சொல்லுங்க, கேக்குது." அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இராணுவ முகாமுக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். ஒரு மணி நேரமாக என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்த உதவி அது.

கயிற்றை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கி ஓடினோம். பாதை முழுக்க வாய்க்காலாக ஓடியது. வளைவில் திரும்பியபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். லயத்தை விட்டுத் தள்ளி, பாதை நடுவில், ரோட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். வருகிறவர்களுக்கு வழி காட்டவேண்டுமே என்று. எங்களைக் கண்டதும் எதிரே நடந்து வந்தார்.

"ரெண்டு பேருதானா சேர்? மத்தவங்க பின்னால வாறாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அப்போது லொறியிலிருந்து கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் கடைசி இரண்டு காம்பராக்களும் இல்லை. அவற்றின் கூரை இருந்த இடத்தில், மேலேயிருந்து இறங்கிய தேயிலைச் செடிகள், நட்டது நட்டபடி வரிசை குலையாமல் நின்றன.

அந்த அம்மா கத்தவில்லை. "உள்ளுக்கு இருக்காரு" என்று மட்டும், தெரியாதவர்களுக்குச் சொல்வது போல எங்களிடம் சொன்னார்.

இராணுவத்தினர் நாற்பது நிமிஷத்தில் வந்தார்கள். தாமதம் என்று அவர்களைச் சொல்ல முடியாது. மறுநாள் காலையில்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். ஊரில் எனக்கு நல்ல பெயர். "சேர் சொன்னதாலதான் ஆமி வந்துச்சு" என்றார்கள். கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில் எனக்கு நன்றி சொன்னார்கள். நானும் எழுந்து நின்று தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்துக் காம்பராக்காரர் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன், "நீங்க ஏன் ஒன்னும் சொல்லல?"

"நான் எதுக்கு சேர் சொல்லணும்? நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த நாள் போனேன். இடம்பெயர்ந்தவர்களை எங்கள் பாடசாலையில்தான் வைத்திருந்தார்கள். அந்த அம்மா இருந்தது நான் பாடம் எடுக்கிற வகுப்பறை. நிவாரண அரிசியைச் சுளகில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க சேர். நீங்க அத்தன வாட்டி சொல்லியும் அந்தப் பாவிங்க நேரத்துக்கு வரல பாத்தீங்களா?" என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். மழைச் சத்தம், ஹெட்போன், போட்டி, சார்ஜ் என்று நினைத்தது எல்லாவற்றையும். சொல்லும்போதே ஒவ்வொன்றும் சாக்குப்போக்காகத்தான் என் காதிலேயே விழுந்தது. போட்டி என்ற சொல்லை அவருக்கு இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

அவர் கை நின்றது.

"நான் பேசயில என் மொகத்தத்தானே சேர் பாத்தீங்க?"

"ஆமாம்மா."

"பாத்துத்தானே தலைய ஆட்டுனீங்க?"

"ஆமா."

திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் வெளியே வந்தேன்.

இப்போது அவர் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறார். வழியில் கண்டால் "என்ன சேர்" என்பார், நடையை நிறுத்தாமல். போட்டிக்கு நான் பிறகு போகவில்லை. அதைத் தியாகம் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்தான், உட்கார முடியவில்லை, அவ்வளவே. யார் வாசலில் வந்து நின்றாலும் எழுந்து பக்கத்தில் போகிறேன், அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி இதுதானே என்று கேட்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் படியிறங்கும்போது, இன்னும் எதையோ கேட்காமல் விட்டுவிட்டோமோ என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே இரண்டு எட்டு நடக்கிறேன்.