எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பிரேமுக்குள் பொருந்தும்வரை விளிம்பைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்க வேண்டும். ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் லென்ஸ் ஆடும். தூக்கிப் போட வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன் பழகிய தொழில். பதினோரு வருடம் வீட்டோடு இருந்தவள், லிப்ட் மெக்கானிக்கான கணவனைப் பிரிந்த மறுவாரமே பழைய முதலாளி முன் போய் நின்றாள். கை மறந்திருக்கவில்லை.

விவாகரத்து மனுவோடு வைக்க வேண்டிய கடிதத்தை யாரையும் கேட்காமல் அவளே எழுதினாள். ‘எங்களுக்கு இவரிடமிருந்து ஒன்றும் வேண்டாம்.’ ஒரே வரி. அவன் காசில் ஒரு பென்சில்கூட மகள் கைக்கு வரக் கூடாது. வந்தால் அதன் பின்னாலேயே அவனும் வருவான்.

வக்கீலம்மா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“யாரும்மா இந்த ‘எங்களுக்கு’?”

“நானும் பாப்பாவும்.”

“பாப்பா கையெழுத்தைக் காணோமே.”

“அவளுக்கு எட்டு வயசு மேடம்.”

“அதான் சொல்றேன். ஜீவனாம்சம் உன்னோடது. பதினோரு வருஷம் ஆக்கிப் போட்டதுக்குக் கேக்கறது பிச்சை இல்ல. ஆனாலும் வேண்டாம்னா உன் இஷ்டம். பிள்ளைக்கு வர்றது பிள்ளையோடது. அதை விட்டுக்குடுக்க நீ யாரு?”

“பெத்தவ.”

“அவரு மட்டும் கடையிலயா வாங்கிட்டு வந்தாரு? நீ அவருக்குப் பொண்டாட்டியா இல்லாம போகலாம். அவ மகளா இல்லாம போக முடியுமா?”

காய்ச்சலானாலும் வாடகையானாலும் ‘எங்களுக்கு’ என்றே சொல்லிப் பழகிய வாய். அவள் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தாள். மேலே ‘எனக்கு’ என்று எழுதினாள். அடித்த இடத்தருகே சின்னதாக ஒரு கையெழுத்து.

மகளுக்கு மாதாமாதம், பதினெட்டு வயது முடியும்வரை என்று நீதிபதி உத்தரவிட்டார்.

கோர்ட் மாடிப்படியில் கணவன் நின்றிருந்தான்.

“வேண்டாம் வேண்டாம்னு கடைசியில வாங்கிட்ட.”

“எனக்கு இல்ல. உங்க மகளுக்கு.”

உங்க மகள். ஒரு வருடமாக அவள் வாயில் வராத வார்த்தை. அவன் குத்தல் அத்தோடு நின்றது. கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

“ஸ்கூல் திறக்குதுல்ல. இப்ப அவ ஷூ என்ன நம்பர்?”

சொல்லாமல் போயிருக்கலாம். இரண்டு படி இறங்கவும் செய்தாள்.

“ரெண்டு,” என்றாள் திரும்பாமலே. “முன்னாடி அகலமா பாத்து வாங்குங்க. வலது கால்ல கடிக்குதுன்னு அழுவா.”